மாப்பிள்ளைக்குச் சம்பளம் கிடையாது

பாடம் முடிந்ததும் திராட்சைத் தோட்டக்காரர் ஸ்ட்ராகா எழுந்து வெளியே போய், வண்டியிலிருந்து எதையோ எடுத்துக்கொண்டு திரும்பி வந்து, வாசலில் நின்றபடி இரண்டு கைகளிலும் இரண்டு பாட்டில்களைத் தூக்கிக் காட்டினார். இந்த மாதமும் காசு இல்லை என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. ஒன்றரை மணி நேரம் எங்கள் சமையலறை மேசையில் உட்கார்ந்து என் புருஷன் ஃபெர்கஸிடம் இங்கிலீஷ் படித்திருக்கிறார். என் கையால் இரண்டு கப் காப்பி குடித்திருக்கிறார். நான் சுட்டு வைத்த ஆப்பிள் ரொட்டியில் பாதியைக் காலி செய்திருக்கிறார். கடைசியில் இரண்டு பாட்டில் ஒயின். அதிலும் லேபிள் கிடையாது.

"அய்யோ, எதுக்குங்க இதெல்லாம்" என்று ஃபெர்கஸ் இழுத்தான்.

எதற்கு இதெல்லாம் என்று கேட்கிற ஆளுக்கு எவன் காசு கொடுப்பான்?

"பின்ன என்ன வாத்தியாரே, ஊர் மாப்பிள்ளை கையில காச வச்சு அழுத்தவா முடியும்? நாலு பேர் காறித் துப்ப மாட்டான்?" என்று சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பி, "யித்கா, ரொட்டி பிரமாதம். பட்டை கொஞ்சம் கூடிப்போச்சு" என்றார் ஸ்ட்ராகா. தின்னும்போது கூடிய பட்டை தெரியவில்லையாம், தின்று முடித்த பிறகு தெரிகிறதாம்.

எங்கள் லிப்கா ஊரின் நியாயம் இதுதான். ஸ்காட்லாந்திலிருந்து வந்த அந்நியனாக, எங்கள் செக் நாட்டு ஸ்னோய்மோ நகரத்தில் அறை எடுத்துத் தங்கியிருந்த காலத்தில் ஃபெர்கஸுக்கு எல்லோரும் மணிக்கணக்குப் பார்த்துச் சம்பளம் கொடுத்தார்கள். என்னைக் கட்டிக்கொண்டு இந்த ஊருக்கு வந்தான், அன்றோடு சம்பளம் நின்றது. மாப்பிள்ளை வீட்டுப் பிள்ளையாம். வீட்டுப் பிள்ளைக்கு யாராவது கூலி கொடுப்பார்களா? கூரை ஒழுகினால் மட்டும் ஓடு வேய்கிறவன் வீட்டுப் பிள்ளை என்று பார்க்க மாட்டான்.

நானும் அவனிடம் படிக்கப் போய்த்தான் மாட்டிக்கொண்டேன். நகரத்தில் சாயங்கால வகுப்பு. இவனுக்கு ஒரு பழக்கம் உண்டு, பேச ஆரம்பித்தால் எதன் மீதாவது சாய்ந்துகொள்ள வேண்டும். சுவரோ கதவோ ஜன்னலோ, எது கிடைத்தாலும் சரி. முதல் நாளே பலகையில் எதையோ எழுதிவிட்டு அதன் மேலேயே சாய்ந்து நின்று அரைமணி நேரம் பேசினான். திரும்பியபோது சட்டை முதுகு பூராவும் பச்சை மை. வகுப்பே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது, ஒருவர்கூடச் சொல்லவில்லை. வகுப்பு முடிந்ததும் நான்தான் பின்னாலேயே போய், "சார், உங்க முதுகுல பாதி பாடம் ஒட்டிக்கிட்டிருக்கு" என்றேன். சொல்லாமல் விட்டிருந்தால் வேறு எவளாவது சொல்லிக் கட்டிக்கொண்டிருப்பாள்.

அப்போதெல்லாம் வேலை நன்றாகவே ஓடியது. காலையில் தொழிற்சாலை மேலாளர்கள், மதியம் வங்கிக்காரர்கள், சாயங்காலம் என்னைப் போன்றவர்கள். பஸ்ஸில் அலைகிற நேரத்துக்குச் சம்பளம் இல்லை, கோடையில் இரண்டு மாதம் ஈ ஓட்ட வேண்டும். இருந்தும் காலம் தள்ள முடிந்தது. பிறகு தொழிற்சாலை வகுப்பை நிறுத்தியது. வங்கிக்காரர்கள் திரையைப் பார்த்துப் படித்துக்கொள்ளக் கிளம்பிவிட்டார்கள். நான் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்க்கிறேன். நூறு பிள்ளைகளுக்கு மாவு உருண்டை அவித்துப் போடுகிற சம்பளத்தில் ஒரு வீட்டையும் ஒரு ஸ்காட்லாந்துக்காரனையும் காப்பாற்றுவது லேசுப்பட்ட காரியம் இல்லை.

என் அப்பா மெதோதேய்க்கு ஆரம்பத்திலிருந்தே இதில் நம்பிக்கை கிடையாது. "பேசறதுக்குக் காசு தர்றானுங்கன்னா, நான் இந்நேரம் கோட்டை கட்டியிருப்பேனே மாப்ள" என்பார். ஆனால் ஃபெர்கஸ் மேல் கொள்ளைப் பிரியம். முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு அப்பா திராட்சைத் தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டார். ஒயின் வைக்கிற அவருடைய நிலவறை காலியாகிவிட்டது. அந்தக் காலி நிலவறையில்தான் ஊர்த் திராட்சைக்காரர்கள் குளிர்காலம் முழுக்க ஃபெர்கஸுக்குக் கொடுத்த சம்பளம் அடுக்கியிருக்கிறது. ஒவ்வொரு வீட்டு ஒயினும் ஒவ்வொரு அடுக்கில். எங்கள் சொத்து பூராவும் பாட்டிலில் இருந்தது. மின்சார பில் கட்டுகிற இடத்தில் பாட்டில் வாங்கமாட்டேன் என்கிறார்கள்.

அப்போதுதான் வளைகுடாவிலிருந்து அந்த வேலை வந்தது. எண்ணெய் கம்பெனி ஆட்களுக்கு இங்கிலீஷ் கற்றுத்தரும் ஒரு பயிற்சி நிலையம். இங்கே கிடைப்பதைப் போல நாலு மடங்கு சம்பளம், வரி கிடையாது, வீடு, விமான டிக்கெட். இரண்டு வருஷ ஒப்பந்தம், குடும்பத்தை அழைத்துப் போகக்கூடாது. அவனோடு வேலைக்குச் சேர்ந்த இரண்டு பேர் அப்படிப் போய்த்தான் சொந்த ஊரில் வீடு வாங்கினார்களாம். நேர்காணலுக்கென்று ஒரு சாம்பல் நிறக் கோட்டு வாங்கினான். இத்தனை வருஷத்தில் அவன் தனக்கென்று வாங்கிய ஒரே நல்ல துணி. திரையில் பேசி, தேர்வாகி, எல்லாம் முடிந்தது. வருகிறேனா, வரவில்லையா என்று ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குச் சொல்ல வேண்டும். அங்கே ஞாயிறு வேலை நாள்.

"போயிட்டு வா" என்று நான் சொல்லிவிட்டேன். "ரெண்டு வருஷம் என்ன, கண்ண மூடித் திறந்தா ஓடிடும்." வாய்தான் சொன்னது. போகாதே என்று சொல்ல எனக்கு ரோஷம். போகிறேன் என்று சொல்ல அவனுக்கு மனசில்லை. இரண்டு பேரும் ஒரு வாரமாகப் பாத்திரம் கழுவும்போதுகூட ஒருவருக்கொருவர் மரியாதையாக நடந்துகொண்டோம். எங்கள் வீட்டில் மரியாதை வந்தால் ஏதோ கெட்டது நடக்கிறது என்று அர்த்தம்.

சனிக்கிழமை ஊரில் திறந்த நிலவறை நாள். மே மாதக் கடைசியில் வருஷா வருஷம் நடப்பது. வெளியூர் ஜனங்கள் டிக்கெட் வாங்கி, கழுத்தில் ஒரு துணிப் பையைத் தொங்கவிட்டு, அதில் கண்ணாடி கிளாஸை வைத்துக்கொண்டு, வரைபடத்தைப் பார்த்து நிலவறை நிலவறையாக ஏறி இறங்குவார்கள். ஒவ்வொரு நிலவறைக் கதவிலும் நீலத்தில் ஒரு நம்பர். அப்பாவுடையது எட்டு. தொழிலை விட்டதும் சங்கத் தலைவர் என்ற முறையில் ஸ்ட்ராகாவே வந்து அதைச் சுரண்டி எடுத்துவிட்டுப் போனார். அன்றைக்கு அப்பா சாப்பிடவில்லை.

அவர் இந்தச் சனிக்கிழமையும் பழக்க தோஷத்தில் நிலவறையைத் திறந்து வைத்து, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பராக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். ஃபெர்கஸ் கதவில் சாய்ந்து நின்றான். நான் அவர்களுக்குச் சாப்பாடு கொண்டுபோயிருந்தேன். மத்தியானம் வானம் பொத்துக்கொண்டது. தெருமுனையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த ஒரு கூட்டம் திறந்திருந்த கதவைப் பார்த்து அப்படியே உள்ளே புகுந்துவிட்டது. டென்மார்க்காரர்கள். தொப்பலாக நனைந்து, பல் தந்தியடிக்க, சிரித்துக்கொண்டே கழுத்திலிருந்த கிளாஸை எடுத்து எல்லோரும் ஒரேமாதிரி நீட்டினார்கள்.

அப்பாவின் முகம் செத்துப்போனது. நிலவறைக்குள் வந்தவனை வெறும் கிளாஸோடு அனுப்புவது எங்கள் ஊரில் செருப்பால் அடிப்பதற்குச் சமம். அடுத்தவன் ஒயினைத் தன் நிலவறையில் ஊற்றுவதோ அதைவிட மோசம். அப்படி ஒருவன் செய்ததாக எங்கள் ஊரில் யாரும் கேள்விப்பட்டதே இல்லை. பக்கத்து வீட்டுக்காரன் பாட்டிலும் நம் பாட்டிலும் ஒரே பீப்பாய் மேல் நிற்கக்கூடாது. நின்றால் ஒப்பிட்டுப் பார்ப்பார்களே!

"மாப்ள" என்றார் அப்பா மெதுவாக. "நம்ம கிட்ட என்ன இருக்கு?"

"சம்பளம் இருக்கு மாமா" என்றான் ஃபெர்கஸ்.

அப்பா அவனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வெளியே மழையைப் பார்த்தார். "சரி, தொறங்க. மானம் போறதுதான் போகுது, நனைஞ்சாவது போகட்டும்."

முதலில், அவனிடம் படிக்கிற ருஷேனா அக்கா கொடுத்த வெள்ளை ஒயினைத் திறந்தான். அதை ஊற்றிக்கொண்டே பீப்பாயில் சாய்ந்து பேச ஆரம்பித்தான். டென்மார்க்காரர்களுக்கு இங்கிலீஷில், அப்பாவுக்குப் புரியட்டும் என்று நடுநடுவே அவனுடைய ஓட்டைச் செக் மொழியில். ருஷேனா அக்காவின் தோட்டத்தில் ஒரு வரிசை மட்டும் கோணலாக இருக்கும். ஊரே அதைக் கிண்டல் செய்யும். அந்த வரிசையைப் புருஷன் நட்டபோது இவள் எதிர்ப்பக்கம் நின்றாளாம். அவர் கயிற்றைப் பார்க்காமல் இவளையே பார்த்துக்கொண்டு நட்டாராம். அவர் போய்ச்சேர்ந்த பிறகு அதை நேராக்கச் சொல்லி எத்தனையோ பேர் சொல்லியும் அவள் தொடவில்லை.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் பிறந்ததிலிருந்து ருஷேனா அக்காவைப் பார்க்கிறேன். மண் விலை, மருந்து விலை தவிர வேறு பேச்சு அவள் வாயிலிருந்து வந்ததே இல்லை.

"இத உன்கிட்ட எப்ப சொன்னா?" என்றேன்.

"ஜனவரில. உன் ஒயின பத்திச் சொல்லுன்னு கேட்டேன். கைல இருக்கிற நாலு இங்கிலீஷ் வார்த்தைய வச்சுக்கிட்டு இதச் சொன்னா. அப்புறம் ரொம்ப நேரம் ஜன்னலப் பாத்துட்டு உக்காந்திருந்தா."

அடுத்து ஸ்ட்ராகாவின் லேபிள் இல்லாத பாட்டில். ஸ்ட்ராகா, ஊரையே அதட்டிக்கொண்டு திரிகிற மனுஷன், ஒவ்வொரு ஏப்ரலிலும் பனி விழும் இரவுகளில் தோட்டத்தில் வைக்கோலை எரித்துப் புகை போட்டுவிட்டு, துளிர்களோடு பேசிக்கொண்டிருப்பாராம். துளிர் கருகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது என்பதைப் பெண்டாட்டியிடம் சொல்ல முடியாது, அவள் அதைவிடப் பயப்படுவாள் என்பதால். டென்மார்க்காரர்களில் ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வயசான ஒருவர் கிளாஸை நீட்டி, ஸ்ட்ராகாவுடையது இன்னொன்று வேண்டும் என்றார்.

எல்லா வீட்டுச் சங்கதியும் இவனிடம் இருக்கிறது. சொந்த மொழியில் கல்லாக இருக்கிற ஜனம், தெரியாத மொழியைக் கையில் கொடுத்ததும் குழந்தை மாதிரி மனசைத் திறந்து கொட்டியிருக்கிறது. இந்த மனுஷன் எதையும் எவரிடமும் சொல்லாமல் குளிர்காலம் முழுக்கச் சேர்த்து வைத்திருக்கிறான். எனக்கு அவன் மேல் அப்படி ஒரு பெருமை பொங்கியது. கூடவே ஞாயிற்றுக்கிழமை ஞாபகமும் வந்தது.

எங்கள் தெருவில் சேதி மழையைவிட வேகமாக ஓடும். குடையும் இல்லாமல் ஸ்ட்ராகா வந்து வாசலில் நின்றார். பீப்பாய் மேல் அவர் பாட்டிலும், ருஷேனா அக்கா பாட்டிலும், இன்னும் ஏழெட்டு வீட்டுப் பாட்டில்களும் தோளோடு தோள் உரசி நிற்பதைப் பார்த்ததும் மனுஷனுக்கு மூச்சே நின்றுவிட்டது. பிறகு தன் பாட்டிலைக் கூர்ந்து பார்த்தார். முகம் இன்னும் மோசமானது.

"வாத்தியாரே!" என்றார் அடிக்குரலில். "அதையா ஊத்துறீங்க? அது ஆலங்கட்டி மழை அடிச்ச வருஷத்துது! வெளியாளுக்குக் காட்டுற சரக்கா அது?"

நான் இடுப்பில் கை வைத்துக்கொண்டேன். "அப்படியா ஸ்ட்ராகா? வெளியாளுக்குக் காட்டக்கூடாத சரக்கையா எங்களுக்குச் சம்பளமா குடுத்தீங்க?"

அவர் காது மடல் சிவந்ததை அந்த மங்கிய வெளிச்சத்திலும் பார்த்தேன். சட்டென்று திரும்பி மழைக்குள் ஓடினார். கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்றுதான் நினைத்தோம். அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனால் சற்று நேரத்தில் அதே ஸ்ட்ராகா இரண்டு கக்கத்திலும் பாட்டில்களை இடுக்கிக்கொண்டு திரும்பி வந்தார். லேபிள் ஒட்டிய, தங்க மெடல் ஸ்டிக்கர் வைத்த பாட்டில்கள்.

"இத ஊத்துங்க. அத எடுத்துக் கீழ வைங்க, புண்ணியமாப் போகும்."

அவருக்குப் பின்னாலேயே ருஷேனா அக்கா ஏப்ரனோடு ஓடிவந்தாள், கையில் ஒரு பாட்டில். "ஸ்ட்ராகா மட்டும் நல்லத வைப்பான், நான் மட்டும் போன வருஷத்துப் புளிச்சதோட நிக்கணுமா?" அப்புறம் கேட்கவா வேண்டும்! ஆளாளுக்கு மழையில் ஓடிவந்தார்கள். ஊரே எங்களுக்கு விற்காத சரக்கைத் தள்ளிவிட்டிருக்கிறது என்பது ஒரே சாயங்காலத்தில் வெளிச்சமானது. அப்பா சிரித்த சிரிப்பில் நாற்காலி கிறீச்சிட்டது. எனக்கும் கோபப்பட நேரமில்லை, வயிறு வலிக்கச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

ருஷேனா அக்கா ஃபெர்கஸின் பக்கத்தில் போய், "என்னப் பத்தி என்ன சொன்ன?" என்று கேட்டாள். அவன் தயங்கி, கோணல் வரிசை என்றான். அவளே கிளாஸை எடுத்து, ஊற்றி, அந்த டென்மார்க்காரியிடம் நீட்டி, தன் உடைந்த இங்கிலீஷில் மறுபடி அதையே முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். எல்லோர் முன்னாலும். ஸ்ட்ராகா தன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

அந்த டென்மார்க்காரி சைக்கிள் பயணம் நடத்துகிறவளாம். கோடை முழுக்க வாராவாரம் ஒரு கூட்டத்தை இந்த வழியாக வியன்னாவரை கூட்டிப்போகிறாளாம். போகும்போது ஃபெர்கஸிடம், "சனிக்கிழமைதோறும் இது உண்டா? ஆளுக்கு எவ்வளவு?" என்று கேட்டாள். அவன் வழக்கம்போல, "அய்யோ, அதெல்லாம் எதுக்கு" என்று வாயெடுத்தான். நான் அவன் காலை மிதித்தேன். "யோசிச்சுச் சொல்றோம்னு சொல்லு" என்றேன். அப்படியே சொன்னான். அவள் தன் அட்டையைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

வீட்டுக்கு வந்து இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவே இல்லை. ஒரு கோடை ஓடும். அடுத்த குளிர்காலம்? ஒரு அட்டையை நம்பி நாலு மடங்கு சம்பளத்தை வேண்டாம் என்று சொல்வார்களா? அவன் இருட்டில் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். நானும் அதே கூரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒழுகிய கறை ஸ்காட்லாந்து வரைபடம் மாதிரி இருக்கிறது என்று அவன் எப்போதோ சொல்லியிருக்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கிளாஸ்களைக் கழுவி வைக்க நான் நிலவறைக்குப் போனேன். நல்ல வெயில். ஸ்ட்ராகா கதவின் முன்னால் குந்தி உட்கார்ந்து, நாக்கைத் துருத்திக்கொண்டு, நீலப் பெயிண்டில் எட்டு போட்டுக்கொண்டிருந்தார். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தார்.

"மேல் வட்டம் சின்னதா இருக்கு" என்றார் அப்பா.

"உன் மண்டை மாதிரிதான் போட்டிருக்கேன். சும்மா இரு மெதோதேய்."

அப்பா மூக்கைச் சிந்திக்கொண்டார். கண்ணையும் சேர்த்துத் துடைத்தார். நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

அப்போது ஃபெர்கஸ் வந்தான். சாம்பல் நிறக் கோட்டு, சீவிய தலை. மூன்று மணிக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. வீட்டில் உட்கார முடியவில்லை போலிருக்கிறது. ஸ்ட்ராகா எழுந்து, பிரஷ்ஷைத் துடைத்தபடி, அவன் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"வாத்தியாரே, செவ்வாய்க்கிழமை பாடம் உண்டா இல்லையா? உண்டுன்னா காசு தரோம். எல்லாரும்தான். பாட்டில் கிடையாது, பாட்டில் இப்ப எங்களுக்கே வேணும்."

"மாப்பிள்ளைக்குக் காசு குடுத்தா ஊர் காறித் துப்புமே?" என்றேன் நான்.

"மாப்பிள்ளைக்குத்தான் குடுக்கக்கூடாது. எட்டாம் நம்பர்காரனுக்குக் குடுக்கலாம். சங்கத்துல பேசியாச்சு."

ஃபெர்கஸ் ஸ்ட்ராகாவைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான். பிறகு சனிக்கிழமைதோறும் வரக்கூடிய சைக்கிள் கூட்டத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினான். யாருடைய ஒயினை முதலில் ஊற்றலாம், யார் எந்தக் கதையைத் தன் வாயாலேயே சொல்லலாம், ருஷேனா அக்காவுக்கு இன்னும் எத்தனை வார்த்தை வேண்டியிருக்கும். பேசப் பேச அவனுக்கு வேகம் வந்தது, கை ஆடியது, கண் மின்னியது. பழக்கம் விடுமா? அப்படியே பின்னால் நகர்ந்து கதவில் சாய்ந்தான்.

ஸ்ட்ராகா வாயைத் திறந்தார். நான் உதட்டில் விரலை வைத்தேன். அப்பா வேறு பக்கம் திரும்பி இருமினார்.

தேவாலய மணி இரண்டே முக்கால் அடித்தது. "நேரமாச்சு. பேசிட்டு வரேன்" என்றான். என்னிடம் வந்து, ஏதோ கேட்கப் போகிறவன் போல ஒரு கணம் நின்றான். நான் அவன் காலரைச் சரிசெய்துவிட்டேன்.

"முன்னாடி எல்லாம் சரியா இருக்கா?" என்றான்.

"முன்னாடி நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

அவன் மேட்டுத் தெருவில் ஏறி வீட்டை நோக்கி நடந்தான். சாம்பல் நிறக் கோட்டின் நட்டநடு முதுகில், ஈரம் காயாத நீலத்தில், கை அகலத்துக்கு ஒரு எட்டு. ஒவ்வொரு நிலவறை வாசலிலும் கழுவிய கிளாஸைக் கவிழ்த்துக்கொண்டிருந்தவர்கள் அவனுக்கு வணக்கம் சொன்னார்கள். அவன் கடந்து போனதும் திரும்பிப் பார்த்தார்கள். ருஷேனா அக்கா ஏப்ரனால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஒருவர்கூட அவனைக் கூப்பிட்டுச் சொல்லவில்லை. இந்த முறை நானும் சொல்லவில்லை.